விரலை விட்ட பிடி

கம்யூனிஸ்டுக் கலகக் காலத்தில், மலாயாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்தேன். தங்குவதற்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை. சாயங்காலத்துக்கு மேல் முள்வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் எனக்குப் போக வீடில்லை.

ஒரு மத்தியானம், பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நாலைந்து வயதிருக்கும். காய்ச்சலில் வலிப்பு வந்து பல் கிட்டிவிட்டது. டாக்டர் தூக்க ஊசி போட்டும் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் வழியில்லை. சாலையில் துப்பாக்கிச் சூடு நடந்து, ராணுவம் பாதையை மூடியிருந்தது.

"நானும் உள்ள வரேன் அக்கா," என்றாள் தாய். அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன்.

பிள்ளையின் கை என் விரலை இறுக்கிக்கொண்டிருந்தது. பிடித்தது அவளல்ல, வலிப்பு.

தொண்டைக்குள் குழாய் விட வேண்டும். அதற்கு உடம்பைத் தளர்த்தும் ஊசி போட்டால் மூச்சும் நின்றுவிடும்.

"பழைய மருந்து நெறைய இருக்கு டாக்டர், ரொம்ப நேரம் நிக்கும்," என்றார் மருந்து எடுத்துக் கொடுக்கும் டிரெசர். "சீக்கிரம் விட்டுப்போற புது மருந்து ஐஸ்பெட்டியில ஒண்ணே ஒண்ணுதான். மொத தடவ கொழாய் போகலேன்னா மறுபடி போட இல்ல."

"போகலேன்னா, புள்ளைக்குத் தன் மூச்சு சீக்கிரம் திரும்பணும்யா. பழசப் போட்டா வலிப்பு நின்னுச்சான்னுகூடத் தெரியாது. ஒடம்பு சும்மா கெடக்கும், உள்ளுக்குள்ள வலிப்பு ஓடிக்கிட்டே இருக்கும். புதுசக் குடு."

"அப்ப ஒரே தடவதான் லா."

"வாயக் கட்டு லா. அந்த ஆயாவப் பாத்துக் கத்துக்க."

ஊசி ஏறியதும் அவள் உடம்பெல்லாம் சின்னதாய்த் துடித்து அடங்கியது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டன. கண் பாதி திறந்திருந்தது. பார்க்கப் பிணம் மாதிரிதான்.

குழாய் போய்விட்டது. டாக்டர் ரப்பர் பையை என் கையில் கொடுத்தார். நான் அமுக்கினால் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. பக்கத்தில் இரண்டு பேர் நின்றும், அந்த மூச்சோடு நான் தனியாக இருந்தேன். இன்னொரு கையின் விரலை அவள் உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், நான் அமுக்காமலே, அவள் மூச்சில் பை லேசாய் இழுபட்டது. பிறகு உள்ளங்கை மூடியது.

டாக்டர் குனிந்தார். "திரும்பவும் வலிப்பா? எப்படிப் புடிக்கிறா?"

நான்தான் சொல்ல வேண்டும். "இறுக்கமில்லங்க டாக்டர். சும்மா… புள்ளைங்க புடிக்கிற மாதிரி."

சாயங்காலம் குழாயை எடுத்த பிறகு தாயை உள்ளே விட்டேன். பிள்ளை என் விரலை விட்டுவிட்டு அவளிடம் கை நீட்டினாள். நான் ரப்பர் பையைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். விரலில் நகத் தடம் பதிந்திருந்தது. அதைக் காட்ட எனக்கு யாருமில்லை.