ஷாங்காயில் மூன்றாம் நாள்

விசா வேண்டாம், சும்மா இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஒரு நாடு கூப்பிட்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். காகிதத்துக்காக வருடக்கணக்கில் தவம் கிடந்தவர்கள் நாங்கள். கல்யாணப் போட்டோவிலிருந்து கைரேகை வரை எல்லாவற்றையும் கொடுத்து, கடைசியில் அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வந்திருந்தது. அந்தக் கோடையில் ஈரோட்டுக்குப் போகிற வழியில் ஷாங்காயில் நான்கு நாள் தங்கலாம் என்று கணவர் ஆரம்பித்தார். வேறு நாட்டுக்குப் போகிற வழியில் இறங்கினால் இந்தப் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்க மாட்டார்களாம். ஏன் கேட்க மாட்டார்கள் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே டிக்கெட் போட்டுவிட்டார்.

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று மற்றவர்கள் கொடுப்பதில் எது சரியில்லை என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆபீஸ் முடிந்ததும் அந்தப் புத்தியைக் கழற்றி வைக்க முடிவதில்லை. பால் வாங்கினால் அடுக்கின் கடைசியில் இருப்பதை எடுப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். இதை வைத்து வீட்டில் என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரி பிறந்து வளர்ந்தது ஷாங்காயில். என் வயதுதான் இருக்கும். மாலையில் வீடுகளுக்குப் பின்னால் போகும் நடைபாதையில் சேர்ந்து நடப்போம். பேச்சு பெரும்பாலும் முழங்கால் வலி, மளிகை, ட்ராஃபிக் இவ்வளவுதான். நாங்கள் ஷாங்காய் போகிறோம் என்று கேட்டதும் அவளுக்கு என்ன வந்ததோ, மறுநாளிலிருந்து எங்கள் பயணத்தைத் தன் பயணமாக எடுத்துக்கொண்டாள். ஆற்றங்கரை விளக்குகளை எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், எந்தப் புத்தர் கோவில் சாப்பாட்டுக் கூடத்தில் பயமில்லாமல் சைவ நூடுல்ஸ் சாப்பிடலாம், டாக்ஸிக்கு எந்த ஆப் என்று தினம் ஒன்று சொன்னாள். ஒரு நாள் பேரிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொரு நாள் என் போனை வாங்கி அங்கே பணம் கட்டுகிற ஆப்பைத் தானே போட்டுக் கொடுத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பார்சல் வரப்போகிறது.

இந்த ஊர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஊருக்குப் போகிறோம் என்று லிவர்மோர் கோவிலில் வாய் தவறிச் சொன்னால் போதும். மூன்று வருடமாகப் பேசாதவர்கள்கூட வீட்டுக்கு வந்து குழந்தைகளை விசாரிப்பார்கள். பிறகு, சின்னப் பார்சல்தான் என்பார்கள். பிரித்துப் பார்த்தால் லேப்டாப்பும் விட்டமின் டப்பாக்களும் மாமனாருக்கு ஷூவும் இருக்கும். ஆனால் அது சென்னைக்குப் போகிற பார்சல். சீனாவில், யாரோ கட்டிக்கொடுத்த பொட்டலத்தை நான் தூக்கிக்கொண்டு போய், அதில் என்ன இருந்து தொலைக்குமோ?

"ஏனுங்க, அவ எதையோ நம்ம தலையில கட்டப் போறா. நீங்க வேணா பாருங்க" என்றேன் கணவரிடம்.

"உனக்கு ஒருத்தர் நல்லது பண்ணாலே ஆகாதே. நம்மளைக் கடத்திட்டுப் போயி என்ன பண்ணப் போறாங்க? உன்னை ஒரு நாள் வெச்சிருந்தா அவங்களே ஃப்ளைட் ஏத்தி அனுப்பிருவாங்க" என்றார்.

மகளும் சேர்ந்துகொண்டாள். "ஷீ இஸ் ஜஸ்ட் பீயிங் நைஸ், அம்மா." என் பிரச்சினையே அதுதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாரங்கள் போயின. பார்சல் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்குப் பதிலாக அவள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மதியம் மட்டும் எதையும் வைக்காதே என்றாள். ஏன் என்றால், அலைச்சலாக இருக்கும், ஓய்வெடு என்றாள். இன்னொரு நாள் கேட்டபோது அந்த மாதத்தில் மழை வரும் என்றாள். அதற்கடுத்த முறை, பழைய குடியிருப்புப் பகுதி ஒன்று இருக்கிறது, யாராவது வந்து அழைத்துப் போவார்கள், கொழுக்கட்டை நன்றாக இருக்கும் என்றாள். அந்த ஊர்க் கொழுக்கட்டையில் பன்றிக்கறி இருக்கும். நாங்கள் முட்டைகூடத் தொட மாட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரே கேள்விக்கு மூன்று பதில் வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். என் வேலையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

மறுநாள் நடக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். அந்த மதியத்தில் என்ன இருக்கிறது? சொல்லாவிட்டால் அந்த மதியமே கிடையாது என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவள் நின்றுவிட்டாள். பிறகு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அங்கே அவள் அம்மா இருக்கிறார், தம்பி குடும்பத்தோடு. வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறார்கள். ஆனால் கொஞ்ச காலமாக அம்மா எப்போதும் அதே சுவரின் முன்னால், அதே நாற்காலியில். போனைத் தம்பிதான் பிடித்திருக்கிறான். பேச்சும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்கிறார்கள். அவள் போய்ப் பார்க்க முடியாது. கிரீன் கார்டு வரவில்லை, அமெரிக்க விசா முத்திரை எப்போதோ காலாவதியாகிவிட்டது, போனால் திரும்பி வர விடுவார்களா என்று எந்த வக்கீலும் உறுதி சொல்லவில்லை. அதையும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிவைத்திருக்கிறாள். அந்த மதியம் நீ போய் அம்மாவை நேரில் பார்த்துவிட்டு வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றாள்.

அவள் பிறந்த ஊருக்கு நான் விசாகூட இல்லாமல் ஊர் சுற்றப் போகிறேன். அவளால் முடியாது. எனக்கு அந்த இடத்தில் கூச்சமாக இருந்தது.

உன் சொந்தக்காரர்கள், தோழிகள் யாரும் அங்கே இல்லையா, என்னை எதற்கு என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்ன பதில் என் மனதில் தமிழில்தான் தங்கியிருக்கிறது.

"அவங்க எல்லாரும் என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு பொய் சொல்லுவாங்க. நீ யாரையும் நம்ப மாட்டே. அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

என் அப்பா கதையை அவளிடம் முன்பு சொல்லியிருந்தேன். அவருக்குப் பக்கவாதம் வந்ததை ஈரோட்டில் எனக்குச் சொல்லவே இல்லை. வீடியோவில் முகத்தின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவ போனை வெச்சுக்கிட்டு அங்கே உக்காந்து அழுவா, சொல்லாதீங்க என்று அண்ணன் உத்தரவு போட்டிருந்தானாம். போனை அப்பா கையிலேயே கொடுங்கள் என்று நான் அடம்பிடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டு அவனோடு பேசாமல் இருந்தேன், ரொம்ப நாள்.

அப்படியாக மூன்றாம் நாள் மதியம் அவள் தம்பி ஹோட்டலுக்கு வந்து எங்களை அழைத்துப் போனான். லிஃப்ட்டில் ஏறும்போதே என் கண் வேலையை ஆரம்பித்துவிட்டது. வீடு சுத்தமாக இருந்தது. தம்பி மனைவி டீயும் வெட்டிய பழமும் வைத்தாள். அந்த அம்மா அதே நாற்காலியில், அதே சுவரின் முன்னால், நன்றாக வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தார். நல்ல நிறம், நிறைந்த சிரிப்பு. தம்பி போனில் பேச, அதிலிருந்த மொழிபெயர்ப்பு ஆப் அதை ஆங்கிலத்தில் சொன்னது. குறை என்று சொல்ல எதுவுமில்லை. என் சந்தேகப் புத்தி முதல் முறையாகத் தோற்றதே என்று சந்தோஷப்பட்டேன்.

கலிஃபோர்னியா பாதாம் டப்பாவை மகளிடம் கொடுத்து, பாட்டியிடம் கொடு என்றேன். அவள் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா சிரித்தபடியே இருந்தார். கை வரவில்லை. மகள் அப்படியே நின்றாள். தம்பி எழுந்து டப்பாவை வாங்கி, அம்மாவின் விரல்களைப் பிரித்து அதில் வைத்தான்.

பார்வை போயிருந்தது. சர்க்கரை, இரண்டு கண்ணும், போன வருடமே என்று போன் சொன்னது. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னது. தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. இவனை என் அண்ணனைத் திட்டியது போலத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்த அம்மா பேசினார். நான் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தலையைத் திருப்பி, நிதானமாக. போன் ஒவ்வொன்றாகச் சொன்னது. என் மகள் லீவு இல்லை என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையா? நீ அவளைத் தினமும் பார்க்கிறாய். உண்மையைச் சொல்.

யாரையும் நம்பாத நான், உண்மையைச் சொல்வேன் என்று தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்ட நான், என்ன சொன்னேன்? நன்றாக இருக்கிறாள் அம்மா, வேலைதான் அதிகம் என்றேன். யோசிக்காமல் வந்தது.

அவர் மெதுவாகச் சிரித்து, மகனிடம் ஏதோ சொன்னார். எங்களுக்கான பேச்சு இல்லை அது. ஆனால் மேஜையில் இருந்த போன் அதையும் சொல்லிவிட்டது. இவளும் சொல்ல மாட்டாள்.

சான் ரமோன் திரும்பிய மறுநாள் அவள் சமையலறையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கண், பாதாம் டப்பா, தம்பி கேட்டுக்கொண்டது, அவள் அம்மா கேட்டது, நான் சொன்ன பொய், அந்தக் கடைசி வார்த்தை எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். தம்பி முகம் திரையில் வந்ததும் என்னவோ சொன்னாள். அவன் போனை அம்மா கையில் கொடுத்திருக்க வேண்டும், திரையில் வீட்டுக் கூரை தெரிந்தது. அவள் வீடியோவை அணைத்துவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பேச்சுக்கு நடுவில் ஆங்கிலத்தில் வந்த விசா என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.