சாயக்காரரின் உள்ளங்கை

சோப்புத் தண்ணீரில் பட்டு வேகும் வாடை ஆரணித் தெருவில் எங்காவது மூக்கில் ஏறினால் போதும், என் வலது கை தானாக இடது முழங்கையைத் தொடும். இருபது வருடமாக பிசியோதெரபி வேலை பார்க்கிறேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அந்த வாடைக்குள் இருக்கிறது.

ராஜம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு. தோள் மூட்டுக்குள் வலி தூங்க விடவில்லை. கணவர் கோதண்டத்துக்குச் சாயப்பட்டறையில் வேலை. நான் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைக் காலையும் மாலையும் அவர்தான் செய்துவிடுவார். சிக்கு விழுந்த நூலைப் பிரிப்பதுபோல் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்.

தோலின் உணர்வைச் சோதிக்கும் சென்சேஷன் டெஸ்டில் வெந்நீர் டியூபையும் குளிர்ந்த டியூபையும் அந்தத் தோளில் மாற்றி மாற்றி வைத்தேன். எது சூடு, எது குளிர் என்று ராஜம்மா பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னார். அத்தோடு சூட்டு ஒத்தடம் என்ற யோசனையையே விட்டிருக்க வேண்டும். அவர் வலியில் முனகியதைக் கேட்டு மனசு இளகி, ஹாட் வாட்டர் பேக் வைக்கலாம் என்றேன். டவல் சுற்றி, பத்தே நிமிடம்.

"அவங்களுக்குச் சூடு தெரியாதுண்ணா. உங்க கையால தொட்டுப் பாத்துட்டு வைங்க," என்றேன் கோதண்டத்திடம்.

நான்காம் நாள் போனால் தோளில் கோழிமுட்டை அளவு கொப்புளம். ராஜம்மாவுக்கு எரிச்சல்கூடத் தெரியவில்லை. கோதண்டம் சுவரோரமாக நின்றார். கிட்டே வரவில்லை. நேற்றிலிருந்து பயிற்சியும் இல்லை, தன்னைத் தொடவே பயப்படுகிறார் என்று ராஜம்மா குழறிக் குழறிச் சொன்னார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எப்படிப் பார்த்தீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். அடுப்பிலிருந்த தண்ணீரைப் பையில் ஊற்றி, டவல் சுற்றி, உள்ளங்கையை அழுத்தி வைத்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"வெதுவெதுன்னு தான் கீது மேடம்."

நான் தொட்டேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

சூடான சாயத் தொட்டியில் முப்பது வருடமாக முக்கி முக்கி எடுத்த கை. அரக்கு நிறம் ஏறி, தோல் தடித்துப்போயிருந்தது. மரத்த தோளுக்கு மரத்த கையைக் காவல் வைத்தது நான்தான்.

கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி, டிரஸ்ஸிங்குக்கு அனுப்பினேன். சர்க்கரை உடம்பு, புண் ஆறுமா என்று மூன்று வாரம் எனக்கும் தூக்கமில்லை. ஆறியது. வடு நின்றது. அந்தப் பக்கம் சூடும் இல்லை, ஐஸும் இல்லை என்று நிறுத்தினேன். உணர்வில்லாத தோலுக்கு இரண்டும் ஒரே ஆபத்து.

ஆனால் கொப்புளத்தைக் கண்ட அந்த நாளில் கோதண்டம் கிட்டேயே வரவில்லை. பயிற்சி நின்றால் தோள் இறுகிவிடும்.

"தப்பு என்னுதுண்ணா," என்றேன். "கைய பாக்காம சொல்லிட்டேன்."

"சுட்டது பை," என்றார் ராஜம்மா. "நீயா சுட்ட? வந்து கைய புடி."

கோதண்டம் மெல்ல உட்கார்ந்து அவர் சுண்டுவிரலைப் பிடித்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, தொட்டுப் பார்த்து வையுங்கள் என்று சொல்லுமுன், அந்தக் கை எங்கே வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

அன்று நான் கிளம்பும்போது வாசல்வரை வந்த கோதண்டம் தயங்கி நின்றார். "குளிக்க ஊத்துற தண்ணியும் இந்தக் கையில தான் பாத்துகினு இருந்தேன் மேடம்."

சாயம் படாத முழங்கையின் உள்பக்கத்தை நனைத்துப் பார்க்கவும், பிறகு ராஜம்மாவே வலது கையால் தொட்டுச் சொல்லவும் கற்றுக்கொடுத்தேன். கோதண்டம் சட்டைக் கையைச் சுருட்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது: "இனிமே காப்பியும் முழங்கையில பாத்துட்டு தான் குடுப்பாரு. நீங்க கெளம்புங்க மேடம்."