கீரி முடி

போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடையில், மகளின் ஓவிய வகுப்புக்காகப் பிரஷ் கேட்டேன். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பிரஷ் எடுத்து, "அசல் கீரி முடிம்மா. தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் குடுக்கறது" என்றார், ஏதோ பிரசாதம் தருகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு வந்தேன்.

அந்த முடி என் விரலுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் தாராவியில் ஒரு பிரஷ் பட்டறையில் நானும் அண்ணன் மனைவியான என் மதினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். எங்கெங்கோ கிராமங்களில் வலை வைத்துப் பிடித்து, அடித்துக் கொன்ற கீரிகளின் முடி பொட்டலம் பொட்டலமாக வரும். வரப்பில் எலியும் பாம்பும் தின்று அலைந்த உயிர், எவனோ பூப்படம் வரைவதற்காகச் சாக வேண்டுமாம்! நாங்கள் முடியை நீளவாரியாகப் பிரித்து, நுனி கூட்டி, நூல் சுற்றுவோம். பிடியில் நைலான் என்று முத்திரை குத்துவோம். சட்டத்துக்கு விரோதம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டோம்.

ஒருநாள் மதினி பிரித்த பொட்டலத்தில் முடி விரல்நகம் நீளம்கூட இல்லை. தடவிப் பார்த்தவள், "குட்டி மயிருல்லா இது" என்று எழுந்து நேரே முதலாளியிடம் போனாள். அவர் சிரித்தார்.

"நாமளா கொல்லுதோம்? செத்ததுதான இங்க வருது. பிடிக்கலன்னா வீட்ல இரு."

"நாம வாங்குதோம், அதான் அவன் கொல்லுதான்" என்ற மதினி, எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் பாரஸ்ட் ஆபீசர்கிட்ட சொல்லப் போறேன். யாரு கூட வாரிய?"

எட்டுப் பெண்கள் குனிந்து நூல் சுற்றினோம். நானும்தான்.

அவள் தனியாகப் போய்ச் சொன்னாள். அதிகாரிகள் வந்தார்கள், பட்டறை பூட்டப்பட்டது. மறுநாளே தெருப் பெண்கள் எங்கள் வாசலில் நின்று, "எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று மதினியை ஏசினார்கள். கொன்றவனையோ கொல்லவைத்தவனையோ ஒருத்திகூட ஏசவில்லை. நான் வாசலில் நிற்கவில்லை. வீட்டுக்குள் நின்று அவளை ஏசினேன். மதினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நினைத்தால் இன்றும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இப்போது மதினி நெருளில் இருக்கிறாள். கடையில் கத்தியதைப் பெருமையாகப் போனில் சொன்னேன்.

"கத்திட்டு வந்தா ஆச்சா? அவன் நாளைக்கும் விப்பாம்லா" என்றாள். பிறகு கேட்டாள்: "காலையில பாரஸ்ட் ஆபீசுக்குப் போவோம். இந்தத் தடவையாவது என்கூட வாரியாட்டி?"