ஐந்து லாச்சிக்கு ஒரு குடைக்கம்பி

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் குடைக்கம்பி ஒன்று தொங்குகிறது. துணி இல்லை, விரிகிற சின்னக் கம்பிகளும் இல்லை. வளைந்த மரப்பிடியும் அதிலிருந்து இறங்கும் இரும்புத் தண்டும் மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற உறவினர்கள், இதை ஏன் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று தவறாமல் கேட்பார்கள். இது குடையில்லை, பெட்டிக்குப் போடுகிற பூட்டு என்று சொல்லிவிட்டு நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். முழுவதையும் சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

கம்பி என் மச்சாளுடையது. என் கணவரின் தங்கை. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார். குருநகரில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். மணப்பெண்களை அலங்கரிப்பது அவருடைய தொழில். எங்கள் பக்கத்தில் அதைப் பொம்பிளை வெளிக்கிடுத்துவது என்போம். கிழமை நாட்களில் நான் பாடசாலைக் கந்தோரில் எழுத்து வேலை செய்வேன். சனி, ஞாயிறுகளில் அவரோடு போய் ஊசி எடுத்துக் கொடுப்பேன், குனிந்து சீலை மடிப்பைப் பிடிப்பேன். நான் சொல்லும் காலத்தில் அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கலியாணம் கட்டவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வந்த இடங்கள் பொருந்தவில்லை, பிறகு வருவது நின்றுவிட்டது. அவர் அதற்காகக் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. ஊர்தான் அவருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டது. தான் மாலை மாற்றாதவள் மற்றப் பிள்ளைகளுக்கு மணமுடி வைக்கிறாள், அந்தக் கை விளங்குமா என்று மாதா கோவிலில் பூசை முடிந்து வரும்போது பின்னால் கதைப்பார்கள். எங்கள் காதில் விழ வேண்டும் என்றே கதைப்பார்கள்.

மச்சாள் அலங்காரச் சாமான் கொண்டுபோகிற பெட்டி அரியாலையில் விற்பனைக்கு வந்த ஒரு பழைய வீட்டிலிருந்து வந்தது. சாதாரண றங்குப்பெட்டி இல்லை. நிமிர்த்தி வைத்து, புத்தகத்தைத் திறப்பது போலத் திறக்க வேண்டும். ஒரு பாதியில் சீலை தொங்கவிடுகிற தடி. மறுபாதியில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து இழுப்பறைகள். எங்கள் வாயில் லாச்சி. ஒவ்வொரு லாச்சியின் முகத்திலும் ஒரு பித்தளை வளையம் முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. மேற்பக்கம் தனி மூடியாகத் திறக்கும். கப்பலில் போன காலத்தில் யாரோ ஒருவர் தன் அலுமாரியையே கையோடு கொண்டு திரிந்திருக்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். மச்சாள் சிரிக்கவில்லை. மேல் லாச்சிக்குக் கிரீடம் போல மணமகள் சூடுகிற முடியும் தலையில் போடுகிற வெள்ளை நெட்டும், அதற்குக் கீழே பூச்சுச் சாமான்கள், பிறகு ஊசிகள், பிறகு நகைகள், அடியில் தலைமயிர் சுருட்டுகிற பாரமான சாமான்கள் என்று அன்றைக்கே இடம் பிரித்துவிட்டார்.

வளையங்களுக்கு நேர் மேலே, மூடிக்குக் கீழிருந்த பலகை விளிம்பில் ஒரு துவாரம் இருந்தது. நேர் கீழே அடித்தட்டிலும் ஒன்று. அவை எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என் கணவர் கடலுக்குப் போகிறவர். படகில் ஓட்டை கண்டால் அடைக்கிற கை அது. பெட்டியில் ஓட்டை கண்டபோதும் பட்டி குழைத்து அடைத்துவிட்டது. கரப்பான் பூச்சி உள்ளே போகாது என்று காரணமும் சொன்னார். நானும் கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன்.

பெட்டியின் முதல் கடற்பயணம் நெடுந்தீவுக் கலியாணம் ஒன்றுக்கு. கணவர் தன் படகிலேயே எங்களை ஏற்றிப் போனார். பெட்டியை அவர் கட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தைக் கட்டுவது போல நாலு பக்கமும் கயிறு கொடுத்து, முழங்காலை ஊன்றி இறுக்கினார். கடலில் போகிறவர்களுக்கு ஒரே பயம்தான், சாமான் கடலுக்குள் விழுந்துவிடக் கூடாது. பெட்டி அரை அங்குலம்கூட அசையவில்லை. பெட்டிக்குள் நடந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

பெண் வீட்டு மண்டபத்தில், ஒரு கூட்டம் பெண்கள் சுற்றி நிற்க, மச்சாள் பெட்டியைத் திறந்தார். நாலு லாச்சிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. மற்றது முழுதாகக் கழன்று குப்புறக் கிடந்தது. பவுடர் கொட்டி, அதற்குள் நகைகள், நகைகளுக்குள் ஊசிகள். நெட் இரண்டு லாச்சிகளுக்கு இடையில் அகப்பட்டு ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. பெண்ணின் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா.

“கலியாணம் கட்டாத கை. நான் அப்பவே சொன்னனான்.”

மெல்லத்தான் சொன்னா. ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் கோபத்தோடு அவவைத் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வலை பொத்துகிற வீட்டில் பிறந்தவர் அல்லவா, நிலத்தில் இருந்து நெட்டை மடியில் போட்டு, வெள்ளை நூலால் கிழிசலைப் பொத்தினார். பொத்திய இடம் முடிக்கு அடியில் வருமாறு மடித்து வைத்தார். பெண் நேரத்துக்குக் கோவிலுக்குப் போனாள், அழகாகவும் இருந்தாள். ஆனால் தீவிலிருந்து திரும்பியது அந்த அழகு அல்ல, பெரியம்மா சொன்ன சொல். அந்த மாதத்திலேயே இரண்டு வீட்டார், தங்கள் பெண்ணை வேறு ஆள் வெளிக்கிடுத்தப் போவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

நான் அழுதேன். மச்சாள் அழவில்லை. “என்ரை கையிலை பிழை இல்லை, மச்சாள். பெட்டியிலைதான் பிழை கிடக்கு,” என்றார். அதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொன்னார். லாச்சிகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். முதலில் வலைநூலால் வளையங்களைப் பிணைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் முடிச்சு அவிழ்க்கவே கால் மணித்தியாலம் போனது. சைக்கிள் ரியூப்பை வெட்டி மாட்டினார். அது இழுபட்டு லாச்சிக்கு வழிவிட்டது. ஒருநாள் பெட்டிக்கு முன்னால் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கீழிருந்து மேலே பார்த்தார். ஐந்து வளையங்களும் ஒரே நேர்கோட்டில் நின்றன. அந்தக் கோட்டின் இரண்டு அந்தத்திலும் அண்ணனின் பட்டி இருந்தது.

“மச்சாள், இதுக்குள்ளாலை ஒரு கம்பி போயிருக்கு. அது துலைஞ்சுபோச்சு. அண்ணை கம்பி போற வழியை அடைச்சு வைச்சிருக்கிறார்,” என்றார்.

இனி ஒரு கம்பி வேண்டும். தடித்தால் வளையத்துக்குள் போகாது, மெலிந்தால் வளையும். மேல் நுனியில் ஏதாவது தடுப்பு இல்லாவிட்டால் கீழே நழுவிவிடும். எங்கள் கதவுக்குப் பின்னால் அப்போது மாமாவின் குடை தொங்கியது. மாமா, என் கணவருக்கும் மச்சாளுக்கும் அப்பா, ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோன குடை. அவர் இறந்த பிறகு யாரும் விரித்ததில்லை. துணி கிழிந்து தொங்கியது. என்றாலும் கணவர் அதைத் தொட விடமாட்டார். அவர் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் மச்சாள் வந்து, குடையை எடுத்து, என் கண் முன்னாலேயே துணியையும் சின்னக் கம்பிகளையும் கழற்றிவிட்டார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மேல் துவாரத்துப் பட்டியை அவர் குத்தி எடுத்ததும், பிடியின் வளைவு மேலே தங்க, தண்டு ஐந்து வளையங்களுக்குள்ளாலும் இறங்கியது.

கணவர் வந்து பார்த்தார். “அப்பான்ரை குடையை முறிச்சுப்போட்டாய்.”

“முறிக்கேல்லை அண்ணை. துணியைத்தான் கழட்டினனான். அப்பா இருந்தா தானே கழட்டித் தந்திருப்பார்.”

இரண்டு நாள் அவர் தங்கையோடும் கதைக்கவில்லை, என்னோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே போய், கீழ்த் துவாரத்தில் இருந்த பட்டியையும் சுரண்டி எடுத்தார். தண்டின் நுனியை அரத்தால் அராவி, அடித்தட்டில் சரியாக இறங்கும்படி செய்தார். பிறகு பெட்டியைத் தட்டுவண்டியில் ஏற்றி, கடற்கரை வீதியில் பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு போய் வந்தார். திறந்து பார்த்தோம். ஒரு லாச்சிகூட அசையவில்லை. அதற்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டார். அப்பாவின் குடை வீட்டில்தான் இருக்க வேண்டும். கலியாணம் வரும்போது வந்து எடுத்துப் போகலாம், முடிந்ததும் ஆணியில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். மச்சாள் ஓம் என்றார். இன்றுவரை ஒருதரம்கூட அவர் அதை மீறியதில்லை.

அடுத்த வருடம் அதே தீவிலிருந்து, அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. முதல் பெண்ணின் தங்கைக்குக் கலியாணம். பெரியம்மா வேண்டாம் என்றிருக்கிறா. ஆனால் பெண் விடவில்லை. அக்காவின் கொண்டையை நான் பார்த்தேன், எனக்கும் அவதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். இன்னொரு தடவை பெட்டி கலைந்தால் மச்சாளின் தொழில் அத்தோடு சரி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சோழகக் காற்றுக் காலம். குறிகட்டுவான் துறையை விட்டுப் படகு வெளிக்கிட்டதுமே கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் வழி முழுக்கப் படகு விளிம்பில் குனிந்து சத்தி எடுத்தேன். மச்சாள் பெட்டியின் மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்திருப்பது போல. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு, “ஒரு சத்தமும் இல்லை,” என்றார். என்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதே மண்டபம். அதே பெண்கள். பெரியம்மா சுவரோடு சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றா. மச்சாள் பெட்டியை நிமிர்த்தி, கொளுக்கிகளைத் தட்டி, இரண்டு பாதிகளையும் விரித்தார். மேல் மூடியைத் தூக்கினார். குடைப்பிடி தெரிந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்றை அப்போது செய்தார்.

“அம்மா, இஞ்சை வாங்கோ. இதை நீங்களே பிடிச்சு இழுங்கோ.”

பெரியம்மா தயங்கினா. எல்லோரும் பார்க்கிறார்கள், மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. வந்து பிடியைப் பிடித்து மேலே இழுத்தா. கம்பி ஒவ்வொரு வளையமாகக் கழன்று வந்தது. மச்சாள் மேல் லாச்சியைத் திறந்தார். நெட் வைத்த மடிப்பு மாறாமல் கிடந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்தையும் திறந்து காட்டினார். ஊசிப் பெட்டியில் ஊசிகள் வரிசையாகவே கிடந்தன. பெரியம்மா கம்பியை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றா. “நல்ல கம்பி,” என்று மட்டும் சொன்னா. கம்பியைத்தான் சொன்னா, கையைச் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது. நான் ஏதோ நானே கண்டுபிடித்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊசி எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் பெண்ணுக்கு வருடம் திரும்ப முன் ஆண் குழந்தை பிறந்தது. தான் கம்பி இழுத்த நேரம்தான் அதற்குக் காரணம் என்று பெரியம்மா தீவு முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறா. அடுத்த கலியாண வீட்டில் பெண்ணின் மாமி வந்து, நான் இழுக்கட்டா என்று கேட்டா. அதற்கடுத்த வீட்டில் யார் இழுப்பது என்று இரண்டு பேர் மனத்தாங்கல் பட்டார்கள். படப்பிடிப்புக்காரர்கள் அதற்கென்று ஒரு படம் எடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு எங்கள் கோவில் பங்கிலும் தீவுகளிலும் கம்பி இழுப்பது கலியாணத்தில் ஒரு சடங்கு. கட்டினவர், புருசன் உயிரோடு உள்ளவர், பிள்ளை பெற்றவர்தான் இழுக்க வேண்டும் என்று சட்டம்கூட வந்துவிட்டது. கம்பியைப் போட்டவருக்கு அதை இழுக்கத் தகுதி இல்லை. மச்சாள் ஒதுங்கி நின்று சிரிப்பார். “இழுக்கிறவை இழுக்கட்டும். லாச்சி திறபடாமல் வந்தாப் போதும்,” என்பார். எனக்கு மட்டும் அது முள்ளாகவே கிடந்தது.

போன வருடம் என் மகளுக்குக் கலியாணம். கடல் கடக்கத் தேவையில்லை, பெட்டி வந்தது மூன்று வீடு தள்ளித்தான். என்றாலும் மச்சாள் கம்பி போட்டுத்தான் கொண்டுவந்தார். உறவெல்லாம் கூடி நின்றது. என் மூத்த அக்கா, மூன்று பிள்ளைகளின் தாய், பட்டுச் சீலையைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டா. படம் எடுக்கிறவரும் அவவைப் பார்த்துத் திரும்பினார். பெண்ணின் தாய் நான். யார் இழுப்பது என்று சொல்வது என் உரிமை.

“மச்சாள், நீங்கள் இழுங்கோ,” என்றேன்.

அவர் ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். எடுத்துவிட்டுக் கேட்டார். “எனக்கேன் மச்சாள். ஆக்கள் கதைப்பினம்.”

“கதைக்கட்டும்.”

அக்காவின் முகம் சுருங்கியது. என் கணவர் வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தார். மகள்தான், அரைவாசி கட்டிய கொண்டையோடு, “மாமி, கெதியா இழுங்கோ, பூசை வைக்கச் சுவாமி பார்த்துக்கொண்டு நிப்பார்,” என்றாள். மச்சாள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தார். அத்தனை வருடம் தானே போட்ட கம்பியை, அத்தனை பேருக்கு முன்னால், முதல்தரமாகத் தானே இழுத்தார். ஐந்து வளையமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமிட்டன.

மகளின் படப் புத்தகத்தில் முதற்படமாக அதைத்தான் போடச் சொன்னேன். முகம் விழவில்லை. மரப்பிடியும் அதைப் பற்றிய கையும்தான். மோதிரம் இல்லாத விரல்கள், மணிக்கட்டில் நேரம் பார்க்கிற மணிக்கூடு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி, இது என் மச்சாளின் கை என்பேன்.

வருகிற சனிக்கிழமை உரும்பிராயில் ஒரு கலியாணம். நாளைக்கு மச்சாள் வந்து ஆணியிலிருந்து கம்பியை எடுத்துப் போவார். நேற்று அந்தப் பெண்ணின் தாய் என்னோடு தொலைபேசியில் கதைத்தா. எல்லா ஒழுங்கும் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டா. உங்கள் மகளுக்கு இழுத்த மாதிரி, எங்கள் பிள்ளைக்கும் அவவே கம்பி இழுப்பாவா என்று.