ஏழு வேலை நாள்கள்

எங்கள் கல்லூரியில் போன வருடம்வரை பதினோரு ஆண்டுகளாக ராகிங் கிடையாது. ஆண்டறிக்கையில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடுவது என் வேலை. கடைசி ஒன்பது பூஜ்யங்கள் நான் போட்டவை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த நாள் முதல் அட்டவணை தயாரிப்பதுதான் என் பிழைப்பு. எண்களோடு எனக்கு ஒத்துப்போகும், மனிதர்களோடு அவ்வளவாக ஒத்துப்போகாது. ஆனால் அந்தப் பூஜ்யத்தை உண்டாக்கியவர் நான் இல்லை, பக்கத்து மேசை ரஞ்சிதம் அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புக்கிட் மேராவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளிக் குடிபோனவர். மாணவர் நல அலுவலகத்தில் இருபத்து நான்கு வருட குமாஸ்தா. புகார் சொல்ல வருகிற பிள்ளைகள் முதலில் அக்காவைத்தான் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. இரண்டு நாற்காலி, டிஷ்யூ பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில். மைலோ சாக்லேட் பானப் பாக்கெட்டுகளை அக்கா தன் கைப்பையில் கொண்டுவருவார்.

விதி எளிமையானது. மாணவர் கையெழுத்திட்ட புகார் ஏழு வேலை நாளுக்குள் வந்தால் அது ‘சம்பவம்’. விசாரணை நடக்கும், அறிக்கையில் எண்ணாக ஏறும். கையெழுத்து இல்லையென்றால், அல்லது நாள் தாண்டினால், அது ‘கருத்து’. கருத்துகளுக்கும் ஒரு கோப்பு உண்டு. அதை யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகள் அக்கா அறைக்குள் போவார்கள். அக்கா மைலோ கலக்கித் தருவார். அவர்கள் அழுவார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வரும்போது ஏறக்குறைய எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். “பரவாயில்ல ஆன்டி.” அக்கா அதைக் கோப்பின் அடியில் எழுதி, தேதி போட்டு மூடிவிடுவார். மேலதிகாரிகளுக்கு அக்காவைப் பற்றி ஒரே பெருமை. ரஞ்சிதத்திடம் ஏதோ மந்திரம் இருக்கிறது என்பார்கள். நீண்டகாலச் சேவைக்கு ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

அக்கா கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எனக்கே சந்தேகம் வரும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அஃப்ரீன் என்று ஒரு பெண் கையெழுத்துப் போட்டாள். நான்கு சீனியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதற்குப் பிறகு அஃப்ரீனை எந்தக் குழுவிலும் யாரும் சேர்க்கவில்லை. கேண்டீனுக்குப் பின்னால் மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள், படிப்பு முடியும்வரை. அந்தப் படி அக்கா பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் இருந்தது. இனி எந்தப் பிள்ளையையும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட விடக்கூடாது என்று அக்கா அப்போதே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவை அட்டவணையில் பதினோரு பூஜ்யமாக நான் அழகாக வரிசைப்படுத்தி வைத்தேன்.

போன வருடம் நிவேதிதா வந்தாள். முதலாம் ஆண்டு, பதினேழு வயது. புதியவர்களுக்கான முகாம் பாசிர் ரிஸ் கடற்கரையில் நடந்தது. ஏதோ விளையாட்டில் அவள் குழு தோற்றுப்போனது. தோற்றால் சீனியர்கள் ஒரு தண்டனை கொடுப்பார்கள், ‘ஃபோர்ஃபிட்’ என்று அதற்குப் பெயர். கைகளை டேப் போட்டுச் சுற்றி, கழுத்துவரை மணலில் புதைத்து, வீடியோ எடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். புதன்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி. நாற்பது நிமிடம் கழித்து, நாயோடு நடக்க வந்த ஒருவர் தோண்டி எடுத்தார். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, ஒரு வாரம் மருத்துவ விடுப்புக் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அலுவலகம் வந்தாள். அக்கா அறைக்கும் என் மேசைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. எல்லாம் கேட்கும்.

“இப்பவே சைன் பண்றேன் ஆன்டி.”

“பண்ணலாம்மா, அவசரம் என்ன. மொதல்ல மைலோ குடி.”

“நான் கத்தினேன் ஆன்டி. அவங்க திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டே போனாங்க. கேம்னு நெனச்சிட்டாங்க போல.”

அக்கா கோப்பையைக் கலக்கும் சத்தம் கேட்டது. பிறகு பெயர் சொல்லாமல் அஃப்ரீன் கதையைச் சொன்னார். “மூணு வருஷம் இதே மூஞ்சிங்களத்தான் பாக்கணும் லா. வீக்எண்ட்ல அம்மாகிட்ட பேசு, நல்லா யோசி. திங்கக்கெழம வா. நீ சைன் பண்றேன்னா நானே பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

அந்த ஏழு நாள் எப்போதிலிருந்து எண்ணப்படுகிறது என்று அக்காவுக்குத் தெரியாது. மாணவர் முதலில் அலுவலகம் வந்த நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தார். சம்பவம் நடந்த நாளிலிருந்து என்பது எனக்குத் தெரியும். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் அதை அடித்தவனே நான்தான். வெள்ளிக்கிழமை ஏழாவது நாள். எழுந்து போய் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்று போனவர்கள் ஒருவர்கூட அதுவரை திரும்பி வந்ததில்லை. இவளும் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் வாசலில் நின்றாள். கையில் நான்கு பக்கம் நிரப்பிய படிவம், கடைசிப் பக்கத்தில் கையெழுத்து.

எங்கள் அலுவலகத் தலைவி மிஸ் கோ நான்கு பக்கத்தையும் படித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு நாள்காட்டியைப் பார்த்து, எட்டாவது நாள், கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார். அக்கா நேரே என் மேசைக்கு வந்தார்.

“எந்த நாள்லேர்ந்து எண்றோம், ரகு?”

திரையில் அந்தப் பொடி எழுத்தைக் காட்டினேன்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்கா.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா திரும்பி அறைக்குள் போனார். நிவேதிதாவிடம் விஷயத்தைச் சொல்லும்போது குரல் பஸ் நேரம் சொல்வதுபோல் இருந்தது.

அந்தப் பெண் அழவில்லை. “நீங்க ரொம்ப நல்லா பேசினீங்க ஆன்டி. அதனாலதான் வெயிட் பண்ணேன்” என்றாள். எழுந்து போய்விட்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கோப்பின் அடியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அக்கா பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தேதியை மட்டும் போட்டார்.

சீனியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு வகுப்பு நடத்தினோம். வருகை நூறு சதவீதம், அதையும் நான்தான் பதிந்தேன். இரண்டாம் பருவம் தொடங்குவதற்குள் நிவேதிதா படிப்பை விட்டுவிட்டாள். அந்த வருட அறிக்கையிலும் பூஜ்யம்.

அக்கா கெட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மைலோ நின்றது. பிள்ளைகள் நாற்காலியில் உட்காரும் முன்பே படிவமும் பேனாவும் அவர்கள் முன்னால் வந்துவிடும். “மொதல்ல சைன் பண்ணு. அழறதெல்லாம் அப்புறம்.” குடிநுழைவுத் துறை கவுண்டர்போல ஆகிவிட்டது அந்த அறை. இந்த ஆன்டி கடுகடுவென்று இருக்கிறார் என்று இரண்டு பேர் அக்கா மேலேயே புகார் கொடுத்தார்கள். அவையும் சரியான நாளுக்குள் வந்து சேர்ந்தன.

ஒருநாள் கேண்டீனில் கேட்டேன், “என்னக்கா, இப்படி மாறிட்டீங்க?”

“தெரியல ரகு. கோவம்கூட வரல. கை, கால் மரத்துப்போற மாதிரி உள்ள மரத்துப்போச்சு. எழுந்திரிக்கறேன், பஸ் ஏறுறேன், வர்றேன்.” மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அடுத்த ஆண்டில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு விசாரணை நடந்தது, மூன்று பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அறிக்கையில் நான் போட்ட வரைபடத்தில் பதினோரு வருடம் வெறுமையாகக் கிடந்து, இந்த வருடத்துக்கு மட்டும் ஒரு கம்பம் ஒற்றையாக நின்றது. கூட்டத்தில் எல்லோரும் அந்தக் கம்பத்தையே பார்த்தார்கள். ஒரே வருடத்தில் ராகிங் எப்படி இவ்வளவு பெருகிவிட்டது என்று மேலிடம் கேட்டது. பெருகவில்லை, இப்போதுதான் எண்ணுகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. தண்ணீர் குடித்தேன். மாணவர்களிடம் பரிவோடு பேச ஆள் இல்லாததுதான் குறை என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள்.

அக்காவை மாணவர் அட்டை கவுண்டருக்கு மாற்றினார்கள். அந்த அறைக்குப் பரிவில் சான்றிதழ் வாங்கிய ஒருவர் வந்தார். மைலோ இப்போது அலுவலகப் பொருள் பட்டியலில் இருக்கிறது.

மாற்றல் கடிதம் வந்த அன்று மேசையைக் காலி செய்துகொண்டே அக்கா கேட்டார். “அந்தப் பொண்ண ஏழாவதா சேக்க முடியாதா, ரகு?”

“அது போன வருஷத்துதுக்கா. அறிக்கை மூடியாச்சு.”

சொன்னது பொய் இல்லை. ஆனால் மூடிய அட்டவணையைத் திறக்கிற அனுமதி அலுவலகத்தில் ஒரே ஒருவனுக்கு இருந்தது. அது நான்தான் என்று அக்காவிடம் சொல்லவில்லை.

மனசு கேட்காமல் ஒரு சனிக்கிழமை அக்காவை லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. அக்கா பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டார். மூக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பதாகவும், வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார். சிராங்கூன் சாலைக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தோம். உள்ளே இருந்து கண்ணாடியைக் கொண்டுவந்த பெண் நிவேதிதா.

“ஆன்டி, நீங்களா?” என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு, வாடிக்கையாளர்களுக்குச் சிரிப்பது. அக்காவை உட்காரவைத்து, கண்ணாடியைப் போட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். “இங்க குத்துதா ஆன்டி?”

“இல்லம்மா.”

“கீழ பாருங்க. நழுவுதா?”

“இல்லம்மா.” அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நிவேதிதா, இந்த வருஷம் ஆறு பேரு சைன் பண்ணிட்டாங்க. ரிப்போர்ட்ல வந்திருக்கு. மூணு பேர சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.”

“ஓ.” நிவேதிதா கையை இழுத்துக்கொள்ளவில்லை. “என்னோடதும் அதுல இருக்கா ஆன்டி?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை எழுத்துப் பலகையைப் பார்த்தேன்.

“இல்லம்மா. ஒன்னோடது இல்ல.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, கூட்டுக்குள் வைத்து மூடி, அக்கா கையில் கொடுத்தாள்.

“பரவாயில்ல ஆன்டி,” என்றாள்.

அக்கா எழுந்து நின்றார். “அத மட்டும் சொல்லாதம்மா,” என்றார். அதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நிவேதிதா அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.