அறுத்துப் பொருத்திய கார்டு

ஆதிகேசவனிடம் ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அரை நூல் கழிச்சா சுளுவா உக்காந்துரும்" என்பார். ஆஸ்டின் டவுனில் அவர் கை படாத கதவு உண்டா, கேட்டு உண்டா? முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஒன்று இன்னொன்றுக்குள் போகவில்லையா, அரத்தை எடு, தேய், போட்டுப் பார், மறுபடி தேய். அவர் படித்த படிப்பெல்லாம் இதுதான். 2002-இல் விருப்ப ஓய்வு என்று பேர் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது மேனேஜர் கைகுலுக்கி, "தங்கமான கை" என்று சொன்னாராம். அதையே நினைத்துக்கொண்டு ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்தார் மனுஷன். வேலையில்லாத ஃபிட்டர் வீட்டில் இருந்தால் எது தப்பும் சொல்லுங்கள்? மனைவி பாஞ்சாலியின் இட்லிப் பானை மூடியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

மகள் சுனிதா பகலில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் பார்த்தாள், சாயங்காலம் அனிமேஷன் கோர்ஸ் படித்தாள். ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரைத் தன் போனஸில் வாங்கி வந்திருந்தாள். அதில்தான் முப்பது வினாடிப் படம் ஒன்று செய்துகொண்டிருந்தாள். அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு ஆட்டோ ஓடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் ஆட்டோ ஒரு பக்கம் போனது, சக்கரம் ஒரு பக்கம் நின்றது. கோர்ஸ் சொல்லிக்கொடுப்பவர், சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டாலே போதும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு ஸ்டூடியோவில் அந்தப் படத்தைக் கொடுக்கவேண்டும். பிடித்துவிட்டால் வேலை.

"நான் வாங்கியாறேன். நீ டூட்டிக்குப் போ" என்றார் ஆதிகேசவன், திங்கட்கிழமை காலையில்.

"வாங்கி மட்டும் வைப்பா. மாட்டாத. நான் வந்து மாட்டிக்கிறேன்."

"சரி, சரி" என்றார். அந்த 'சரி'யை அந்த வீட்டில் யாரும் நம்பியது கிடையாது.

எஸ்.பி. ரோடில் ஒரு சின்னக் கடை. கவுண்டரில் தியோடர் என்கிறவர், நாற்பது வயசிருக்கும், கோலார் பக்கத்துத் தமிழர். இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று செகண்ட் ஹாண்ட், மெலிசு, பெட்டிகூட இல்லை. இன்னொன்று புதுசு, மேலே குட்டி ஃபேன், பளபளவென்று பெட்டி. விலையில் பெரிய வித்தியாசமில்லை.

"கம்ப்யூட்டர் உள்ள இருக்கிற போர்டு பழசாண்ணா?" என்று கேட்டார் தியோடர். "பழசுன்னா இந்தச் செகண்ட் ஹாண்டே எடுத்துக்கோங்க. எந்த போர்டுலயும் உக்காரும்."

ஆதிகேசவன் இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருப்பது நல்ல சாமான் என்பது அவர் முப்பது வருஷத்து நம்பிக்கை. தக்காளி வாங்குகிற மாதிரி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். "போர்டு எல்லாம் நல்ல போர்டுதான். இதையே குடுங்க" என்று புதுசைக் காட்டினார்.

"உக்காரலன்னா அழுத்தாதீங்கண்ணா. அப்டியே எடுத்துகினு வாங்க, மாத்தித் தர்றேன்."

அழுத்துவதா? ஃபிட்டரிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது! ஆதிகேசவனுக்குச் சுருக்கென்றது. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் பாஞ்சாலி ரேஷனுக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தார், பழைய கார்டைக் கழற்றினார், புதுசை வைத்தார். போகவில்லை. குனிந்து பார்த்தார். கார்டின் அடியில் ஒரு வெட்டு. போர்டின் பள்ளத்தில் ஒரு சின்ன மேடு. வெட்டு ஒரு இடத்தில், மேடு ஒரு இடத்தில். ஆதிகேசவனுக்குச் சிரிப்பு வந்தது. செய்தவன் அளவில் கோட்டை விட்டிருக்கிறான், அவ்வளவுதானே! சுனிதா வருவதற்குள் ஓடவிட்டுக் காட்டினால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்புதான் அவரைக் கெடுத்தது.

இரண்டு பலகைக்கு நடுவில் துணி சுற்றி கார்டை இறுக்கினார். ஆக்சா பிளேடால் மேடு வருகிற இடத்தில் புதிதாக ஒரு வெட்டு அறுத்தார். தங்க நிறக் கோடுகளில் இரண்டு மூன்று போயின. மெல்லிய அரத்தால் ஓரம் தேய்த்து, பிசிறை ஊதினார். கார்டு வெண்ணெயாகப் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை. மூக்கில் ஒரு கருகல் வாசனை. அடித்துப் பிடித்து அணைத்தார். பழைய கார்டைத் திரும்பப் போட்டார். அப்போதும் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் போயே போய்விட்டது. ஐம்பத்து மூன்று வயசு மனுஷன் தரையில் உட்கார்ந்துகொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சுனிதா வந்ததும், "கார்டு டூப்ளிகேட்டும்மா. மாட்டினதும் போர்டையே தூக்கிருச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! அவருக்கே ஆச்சரியம். மாட்டாதே என்று சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஐயோ, உனக்கு ஷாக் கீக் அடிக்கலியே?" என்றுதான் கேட்டாள்.

"நாளைக்கே போய் அவன உண்டு இல்லன்னு ஆக்கிடறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கார்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கால் எஸ்.பி. ரோடு பக்கம் போகவில்லை, அல்சூர் ஏரிக்குப் போனது. கரையில் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு மத்தியானம் திரும்பினார். "முதலாளி ஊர்ல இல்லியாம். வியாழக்கிழமைதான் வருவாராம்" என்றார். புதன்கிழமை, சும்மா ஒரு எட்டு பார்த்து வருகிறேன் என்று மறுபடி கிளம்பி, அதே கரை, அதே கடலை. தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை சுனிதா லீவு போட்டுவிட்டாள். "நானும் வரேன். உன்ன ஏமாத்தினவன நான் கேக்கறேன்" என்றாள். பஸ்ஸில் ஆதிகேசவன் நான்கு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நான்கு தடவையும் டிக்கெட்டைப் பார்த்தார்.

கடையில் அவள் கார்டைப் பெட்டியோடு கவுண்டரில் வைத்து, தியோடரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார் சாமான் விக்கிறீங்க? எங்கப்பா முப்பது வருஷம் ஃபிட்டர். அவரு தப்பா மாட்டுவாரா? ஏமாந்தவங்கன்னா எது வேணா குடுப்பீங்களா?" பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தியோடர் கார்டை வெளியே எடுத்தார், அடியைப் பார்த்தார், பிறகு ஆதிகேசவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"இப்டி பாருங்கம்மா" என்று அதே மாதிரி புதுக் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். "பழைய போர்டுல கரண்டு ஜாஸ்தி. இந்தக் கார்டு அதத் தாங்காது. தெரியாம யாரும் சொருகிடக் கூடாதுன்னுதான் வெட்டையே வேற எடத்துல வெச்சிருக்காங்க."

சுனிதா கார்டைக் கையில் எடுத்தாள். புது வெட்டின் ஓரத்தை நகத்தால் தடவினாள். பிசிறில்லாத அந்த ஓரம் யார் கை என்று ஃபிட்டர் மகளுக்குச் சொல்லவேண்டுமா? அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சாரி சார். தெரியாம கத்திட்டேன்" என்று தியோடரிடம் சொன்னாள். ஆதிகேசவன் சொல்லவேண்டிய சாரி அது.

ஹார்ட் டிஸ்க் பிழைத்திருக்கும், வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள் என்றார் தியோடர். அன்றைக்கே சுனிதா டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஜீவனஹள்ளியில் இருக்கிற தோழி மமதா வீட்டுக்கு ஓடினாள். படம் அப்படியே இருந்தது. ஆனால் நாள் இல்லை. வெள்ளிக்கிழமை பதினேழு வினாடிதான் கொடுக்க முடிந்தது. ஆட்டோ பாதி ஏரியோடு நின்றுவிட்டது. வேலை வேறு ஒருவருக்குப் போனது.

அன்று வீட்டுக்கு வந்தவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அறுத்தத உடுப்பா. எனக்கு நல்லது பண்ணத்தான அறுத்த? அந்த ரெண்டு நாள் போச்சு பாரு, அதான் அடி. செவ்வாக்கிழமையே டிஸ்க் நல்லா கீதுன்னு தெரிஞ்சிருந்தா முடிச்சிருப்பேன். முதலாளி ஊர்ல இல்லாததுக்கு நீ இன்னா பண்ணுவ" என்றாள். அம்மாவிடம் அறுத்த விஷயத்தை அவள் மூச்சு விடவில்லை. திட்டியிருந்தால் ஆதிகேசவன் சாப்பிட்டிருப்பார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலியின் தம்பி சண்முகம் வந்தான். லோடு ஆட்டோ ஸ்டாண்டில் அவன் பேச்சுக்கு மறுபேச்சில்லை. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "எம்பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டானே அந்தக் கடைக்காரப் பாவி" என்று ஆரம்பித்ததும் எழுந்துவிட்டான். "எந்தக் கடை மாமா? ஸ்டாண்டுலேர்ந்து பத்துப் பேரக் கூட்டிகினு போறேன். அவன உள்ளயே வெச்சு கடைய மூடறேன்."

"வேணாம் மாமா, வோல்டேஜ் ப்ராப்ளம், யாரு மேலயும் தப்பில்ல" என்று சுனிதா குறுக்கே விழுந்தாள்.

"நீ சும்மா இரு. மாமா, கடை பேர மட்டும் சொல்லு."

ஆதிகேசவன் எழுந்து நின்றார். "கடைக்காரன் மேல தப்பில்லடா. நான்தான் கார்டை அறுத்தேன். போர்டு என்னாலதான் போச்சு."

சண்முகம் சிரித்தான். "உன் கை அறுத்தா தப்பாவுமா? பாப்பா வேணாங்கறான்னு அவனக் காப்பாத்தப் பாக்கறியா?"

ஆதிகேசவன் பையிலிருந்து கார்டை எடுத்து அவனிடம் கொடுத்தார். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிரிப்பு அடங்கியது. பாஞ்சாலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். யாரும் மேலே கேட்கப்போவதில்லை. மகள்கூட, போதும் உட்காருப்பா என்கிற மாதிரி அவர் கையைப் பிடித்தாள்.

அந்தக் கையைத்தான் தாங்கமுடியவில்லை.

"இன்னொண்ணும் இருக்கும்மா. முதலாளி ஊர்ல இல்லன்னு சொன்னேனே, அது பொய். செவ்வாக்கிழமையும் புதன்கிழமையும் நான் கடைக்கே போவல. ஏரிக்கரையில உக்காந்திருந்தேன்."

சுனிதா அவர் கையை விட்டாள்.

"ரெண்டு நாளுமாப்பா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளும்" என்றார் ஆதிகேசவன்.