கல்லா மெத்தையில் ஒரு பள்ளம்

தி.நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ராஜரத்தினத்தின் ஜாக்கெட் துணிக் கடை இருந்தது. வாசலை ஒட்டிக் கல்லாப்பெட்டி. அதற்குப் பின்னால் மேடை, மேடைமேல் பஞ்சு மெத்தை. மெத்தையின் இடப்பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அது அவர் உட்கார்ந்து விழுந்த பள்ளம் இல்லை. அவருடைய அண்ணன் ஆறுமுகநயினார் வருஷக்கணக்காக இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்த இடம் அது. அண்ணன் செத்து அடுத்த ஆடியும் வந்துவிட்டது, பஞ்சு மட்டும் மேலே எழும்பவில்லை. ராஜரத்தினம் நடுவில் உட்கார்ந்தாலும் சற்று நேரத்தில் உடம்பு தானாக அந்தப் பள்ளத்துக்குள் சரிந்துவிடும்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் சாம்பிராணி காட்டி முதலாளி கல்லாவில் உட்கார்ந்தால், கடை அடைக்கிறவரை எழக்கூடாது. எழுந்தால் லட்சுமியும் கூடவே எழுந்து போய்விடுவாள் என்று, தென்காசிப் பக்கமிருந்து வந்து கடை போட்ட அப்பா சொல்லி வைத்தது. சாப்பாடு அங்கேயேதான், காபியும் அங்கேயேதான். ஒன்றுக்குப் போக எழ வேண்டியிருக்குமே என்று அண்ணன் தண்ணீர் பக்கமே போக மாட்டார். நாக்கு வறண்டால் துண்டு நுனியை நனைத்து உதட்டைத் துடைத்துக்கொள்வார். தம்பிக்கும் அதே பழக்கம் வந்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது, சீழ் பிடித்தது. கடைசியில் இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "தண்ணி தாலே, ஒரு செம்பு தண்ணி" என்று கெஞ்சினார். அந்த நிலைமையில் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலமெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீர், கேட்டபோது கிடைக்கவில்லை. போகும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கல்லாவுல யாருலே இருக்கா?"

அந்தக் கேள்வி அவரோடு போகவில்லை. ராஜரத்தினம் மெத்தையிலிருந்து லேசாக இடுப்பைத் தூக்கினாலே போதும், முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்கும். அண்ணன் பூசிக்கொள்ளும் ஜவ்வாது வாசனை வரும். பிறகு காதோரம் அந்தக் கேள்வி. அவர் திரும்பிப் பார்ப்பார். துணி அலமாரிதான் இருக்கும். மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

பேத்தி பிறந்த வாரத்தில்தான் அவருக்கும் விலாவில் குத்து ஆரம்பித்தது. ஒருநாள் ஒன்றுக்குப் போனபோது சிவப்பாகப் போயிற்று. யாரிடமும் சொல்லாமல் மந்தைவெளி டாக்டர் ஷாஹுல் ஹமீதிடம் போனார். டாக்டர் படம் எடுக்கச் சொல்லி, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கல்லுதான். சின்னது. உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நிறைய தண்ணி குடிங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாத்தையும் குறைங்க. முக்கியமா, வந்தா அடக்காதீங்க. எழுந்து போங்க."

"எந்திக்கவா?" என்று கேட்டார் ராஜரத்தினம். டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

மறுநாள் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கல்லாப்பெட்டி மேல் வந்து உட்கார்ந்தது. சாயங்காலம்வரை மூடி திறக்கவில்லை.

கடையில் ரொம்ப வருஷமாகத் துணி கிழிக்கிற முருகையன் சிரித்தான். "இன்னா மொதலாளி, செம்புக்குப் பூஜை போடுறியா? குடிக்கிற மாரி தெர்லயே!"

"வேலையப் பாருடா."

"நான் வேலைய பாத்துக்கினுதான் கீறேன். உன்னையும் பாத்துக்கினு கீறேன். மூஞ்சி பெரியவரு மூஞ்சி மாரியே ஆயிக்கினே வருது."

ராஜரத்தினம் குனிந்தார். கையைப் பார்த்தார். துண்டு நுனி ஈரமாக இருந்தது. எப்போது நனைத்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மகள் ஷண்முகப்ரியா குழந்தையை அவர் மடியில் கொடுத்தாள். அவர் விரல் ஒன்றை அது பிடித்துக்கொண்டது. என்ன பிடி! இவ்வளவு சின்னக் கைக்குள் இவ்வளவு பலமா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே வேட்டியெல்லாம் வெதுவெதுப்பாக நனைந்தது. நனைத்துவிட்டு அது பொக்கை வாயால் கொட்டாவி விட்டது.

மனைவி ஜெயபாரதி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியளா! யாரையாவது கேட்டாளா? வந்துச்சு, போயிட்டா. உங்க வம்சத்துலயே இவளுக்குத்தான் புத்தி இருக்கு!"

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் சீட்டை நான் பாத்தேன். இவ நடக்குறதையாவது பாக்கணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?"

ஈர வேட்டியை மாற்றக்கூட அவர் எழவில்லை. குழந்தை விரலை விடவே இல்லை.

அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடி. சந்தே நெரிந்தது. கடைக்குள் பெண்கள் கூட்டம், முருகையனுக்கு மூச்சு விட நேரமில்லை. ராஜரத்தினம் செம்பைத் திறந்து மடமடவென்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டியது. இடுப்பைத் தூக்கினார். செருமல் கேட்டது. வாசனை வந்தது. இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் காதோரம் தெளிவாகக் கேட்டது.

"கல்லாவுல யாருலே இருக்கா?"

பழையபடி உட்காரத்தான் உடம்பு மடங்கியது. அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை அலமாரியைப் பார்க்கவில்லை, பள்ளத்தையே பார்த்தார்.

"நீங்கதான் இருக்கியளே, அண்ணாச்சி," என்றார். "கொஞ்சம் பாத்துக்கிடுங்க. இந்தா வந்துடுதேன்."

துணி கிழித்துக்கொண்டிருந்த முருகையன் நிமிர்ந்தான். "யார்கிட்ட மொதலாளி பேசுற?"

"அண்ணாச்சி கிட்டடா."

முருகையன் கையில் கத்திரிக்கோல் அப்படியே நின்றது. ராஜரத்தினம் கல்லாவைப் பூட்டி, சாவியை மெத்தையில் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது சாவி வைத்த இடத்தில் இருந்தது. கூட்டம் குறையவில்லை. ஜவ்வாது வாசனையும் போகவில்லை, ஆனால் செருமல் இல்லை. அவர் மெத்தையின் வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தார். முருகையனைக் கூப்பிட்டு வெறும் செம்பை நீட்டினார்.

"ரொப்பிக் கொண்டா."

வந்த செம்பிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றிப் பள்ளத்தின் பக்கம் வைத்தார். மீதியைத் தான் குடித்தார்.